கை நடுங்கிய படம்

"அண்ணாச்சி, இந்த மாப்பிள்ளை ஒரே வாயில ரெண்டு சிகரெட்டு பிடிக்கான். பெரிய திறமைசாலி. யோசிக்காம பொண்ணைக் கொடுத்துரச் சொல்லுங்க."

கருப்பசாமி அந்தப் புகைப்படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். வந்த கோபத்தில் சென்னப்பன் டீயை ஒரே மடக்காகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"அது ஒரே சிகரெட்டுதான்யா. எத்தனை வாட்டி சொல்றது? பொழுது சாஞ்ச நேரம். கேமராவைக் கையில புடிச்சே அமுக்கினேன். கை ஆடிப்போச்சு. ஒண்ணு ரெண்டாத் தெரியுது."

"அதை நீங்க ரிப்போர்ட்லயே எழுதியிருந்தா, மாப்பிள்ளையோட மாமன் வந்து என் சட்டையைக் கிழிச்சிருக்க மாட்டாருல்லா?"

ஓசூரில் துப்பறிகிற தொழில் என்றால் முக்கால்வாசி கல்யாண விசாரணைதான். தெற்கே எங்கிருந்தோ வந்து சிப்காட்டில் வேலை பார்க்கிற பையன் குடிப்பானா, கடன் இருக்கிறதா, ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா என்று பெண் வீட்டார் கேட்பார்கள். சென்னப்பன் டீக்கடைக்கு எதிரே நின்று படம் எடுப்பார். ஜவளகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்து, சலித்துப்போய் பாகலூர் ரோட்டில் சொந்தப் பலகை மாட்டியவர். கோவில்பட்டிக்காரனான கருப்பசாமி அவருக்கு உதவியாளன். அவனுடைய வாய்க்கு மட்டும் தனிச் சம்பளம் கொடுக்கலாம்.

கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

உள்ளே வந்தவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கம்பெனி கொடுத்த கருநீல ஸ்வெட்டர். இடது கையில், முழங்கைக்கு மேலே, இரண்டு வெள்ளைப் பட்டைகள். ஜனவரிக் குளிருக்கு ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் ஏதாவது ஒரு கம்பெனி ஸ்வெட்டரோடு அலைவார்கள்.

"எம் பேரு பூங்கொடி சார். துறையூர் எங்களுக்கு. கெம்பம்மா பிரிசிஷன்ஸ்ல அசெம்பிளில இருக்கேன். எந் தம்பி ஜெகதீஷும் அங்கதான். டிஸ்பேட்ச்ல பெட்டி கட்டுற வேலை. அவனைப் போலீஸ் புடிச்சு வச்சிருக்கு சார்."

"உக்காரும்மா. என்னத்துக்குப் புடிச்சாங்க?"

"கார்பைடு டிப் காணாமப் போச்சு சார்."

கருப்பசாமி புருவத்தைத் தூக்கினான். "அது என்னம்மா, பல்லு மாதிரி ஏதாச்சுமா?"

"நகத்தளவு இருக்கும்ண்ணே. மெஷின்ல மாட்டுவாங்க. இரும்பையே சீவிரும். ஸ்டோர்லேந்து ஒரு பை நெறையப் போயிருச்சு. பெங்களூர்ல கொண்டுபோய்க் கொடுத்தா கேள்வி கேக்காம வாங்கிக்குவாங்களாம். அன்னிக்கு ஸ்டோர் பக்கத்துக் கதவைப் பூட்டினது எந் தம்பி. அதனால அவனைத் தூக்கிட்டாங்க."

"அவன் என்ன சொல்றான்?"

"மொதல்ல, எடுக்கல எடுக்கலன்னுதான் சார் சொன்னான். என்ன கேட்டாலும் அதேதான். நேத்து ஒரு போட்டோவைக் காட்டினாங்களாம். திருடன் காம்பவுண்டு சுவர் மேல உக்காந்திருக்கிற மாதிரி. அதைப் பாத்த உடனே, நான்தான் எடுத்தேன்னு ஒத்துக்கிட்டான்."

"போட்டோல மூஞ்சி தெரியுதா?"

"நான் பாக்கல சார். ஒண்ணுமே தெரியலன்னுதான் பேசிக்கிறாங்க."

சென்னப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூஞ்சி தெரிகிற படத்தைக் காட்டி ஒருவனை மடக்கலாம். மூஞ்சியே தெரியாத படத்தைப் பார்த்து, அதுவரை மறுத்தவன் சட்டென்று ஒத்துக்கொள்வானேன்? அப்படி அவன் அதில் எதைப் பார்த்தான்?

"இன்னொண்ணு சார். எங்க அக்கா ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுத்தான் போனேன்னு எழுதிக் கொடுத்திருக்கானாம். சுத்தப் பொய். அன்னிக்குக் காலையிலேந்து இது எம் மேலதான் இருந்துச்சு. ஏன் அப்படிச் சொன்னான்னே எனக்கு வெளங்கல."

"கோர்ட்டுக்கு எப்ப கூட்டிட்டுப் போறாங்க?"

"நாளைக்குக் காலையில. மாஜிஸ்திரேட்டு முன்னாடி ஒருக்காச் சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியாதாமே சார்?"

"கஷ்டம்தாம்மா."

"எந் தம்பி எடுக்கல சார். எப்படியாச்சும் அவனை வெளிய கொண்டாந்துருங்க."

சொல்லும்போது அவள் பார்வை அவர் முகத்தில் இல்லை, மேஜைமேல் இருந்த காலி டம்ளரில் இருந்தது. சென்னப்பன் அதைக் கவனித்தார். கவலையில் இருக்கிற பெண், எங்கே பார்த்தால் என்ன என்று விட்டுவிட்டார்.

கெம்பம்மா பிரிசிஷன்ஸ் வாசலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஷிப்ட் விட்டுக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்த கருப்பசாமிக்குக் குளிரில் பல் கிடுகிடுத்தது.

"அண்ணாச்சி, எங்க ஊர்ல இந்தக் குளிரை ஐஸ் பேக்டரில காசு கொடுத்துத்தான் வாங்கணும்."

கேட்டில் இருந்த செக்யூரிட்டி சூப்பர்வைசர் பிரகாஷ் அவர்களைக் கண்டதும் மலர்ந்துபோனான். பாகலூர்க்காரன். தமிழும் கன்னடமும் அவன் வாயில் ஒரே பஸ்ஸில் பயணம் செய்யும். அந்தப் படத்தை எடுத்தவன் அவன்தான். முதலாளி கூப்பிட்டுத் தோளில் தட்டிக் கொடுத்திருந்தார். அந்தத் தோளை இன்னும் ஒரு பக்கமாகத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நடந்தான்.

"போட்டோ பாக்கணுமா? ஒந்து நிமிஷா சார்."

செக்யூரிட்டி அறைக்குள் ஓடி, வெள்ளி நிறத்தில் கையடக்கமான டிஜிட்டல் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தான். பழுதான பாகங்களைப் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்ப கம்பெனி வாங்கியது. சாயங்காலமானால் பத்திரமாக இருக்கட்டும் என்று அவன் பொறுப்பில் விடுவார்கள்.

சென்னப்பன் திரையை உற்றுப் பார்த்தார். மங்கிய வானம். காம்பவுண்டு சுவர்மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்த ஓர் உருவம். மடியில் பை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரத் துணியால் துடைத்தது போல ஒரு கலங்கல். இடது கை இந்தப் பக்கம் தொங்குகிறது. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வெள்ளைப் பட்டைகள். பின்னால் விளக்குக் கம்பம்.

"ஏம்ப்பா, ஃப்ளாஷ் போடலையா?"

"ஃப்ளாஷ் போட்டா கள்ளன் உஷாராயிடுவான் சார். ஆஃப் பண்ணிட்டேன். ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில கேமரா. இப்படி நீட்டிப் புடிச்சு அமுக்கினேன்."

"டார்ச் அடிச்சா மட்டும் உஷாராக மாட்டானா?" என்றான் கருப்பசாமி.

"டார்ச் போடல சார். சும்மா புடிச்சிருந்தேன்."

"திருடனைக் கண்டதும் கத்தலையா?"

"படம் எடுத்து முடிச்சிட்டுக் கத்தினேன் சார். அந்தப் பக்கம் குதிச்சு ஓடிட்டான்." பிரகாஷ் பெருமையாகச் சொன்னான். "கேமராவே என்னைப் பாராட்டுச்சு சார். அமுக்கறப்போ திரையில ஒரு கை வந்து டாட்டா காட்டுச்சு."

சென்னப்பன் தலையில் கை வைத்தார். "அது டாட்டா இல்லப்பா. வெளிச்சம் பத்தல, உன் கை நடுங்குது, படம் கெட்டுப்போகும்னு கேமரா உங்கிட்ட கெஞ்சுது."

சொல்லிக்கொண்டே திரையை மறுபடி பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து சுவரோரக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி கம்பத்தைப் பார்த்தார்.

"பிரகாஷ், இந்தக் கம்பத்துல எப்பவும் ஒரு விளக்குதானா?"

"ஆமா சார். ஒண்ணேதான்."

"படத்துல எத்தனை இருக்கு?"

பிரகாஷ் கண்ணைச் சுருக்கினான். கருப்பசாமி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"ரெண்டு! ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு! அண்ணாச்சி, அந்த மாப்பிள்ளையோட சிகரெட்டு!"

"அதேதான். இருட்டுல கேமரா கண்ணை மூட நேரம் எடுத்துக்கும். அதுக்குள்ள இவன் பட்டனை அமுக்கின வேகத்துல கை ஒரு தடவை கீழ இறங்கி நின்னுருக்கு. கேமரா முதல்ல ஒண்ணு, அப்புறம் ஒண்ணுன்னு ரெண்டையும் ஒரே படத்துல வாங்கிக்கிச்சு. விளக்கு ரெண்டாச்சு. அப்ப கையில இருக்கிற பட்டை?"

"ஒண்ணு!" என்று கூவினான் கருப்பசாமி.

சென்னப்பனுக்கு உடம்பெல்லாம் சூடானது. குளிர் போன இடம் தெரியவில்லை.

"இப்ப புரியுதா அந்தப் பையன் ஏன் ஒத்துக்கிட்டான்னு? அவன் மூஞ்சியைப் பாக்கல. ரெண்டு பட்டையைப் பார்த்தான். அக்கா ஸ்வெட்டர்! அக்காதான் திருடிட்டா, இனி அவளைப் புடிப்பாங்கன்னு பயந்து, நான்தான் அக்கா ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டேன்னு பழியைத் தன் தலையில இழுத்துப் போட்டுக்கிட்டான்."

"சொந்த அக்காவைத் திருடின்னா நெனப்பான்?"

இதற்குப் பதில் பிரகாஷிடம் இருந்தது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்த வாரம் லைன்ல ஒரு பீஸ் கெட்டுப்போச்சுன்னு லைன் சூப்பர்வைசர் கேண்டீனுக்கே வந்து பூங்கொடியை எல்லார் முன்னாடியும் கேவலமாப் பேசிட்டான் சார். தட்டை வீசிட்டு, 'இந்தக் கம்பெனிக்கு நான் யாருன்னு காட்டறேன்'னு கத்துச்சு அந்தப் பொண்ணு. தம்பியும் அங்கதான் சாப்பிட்டுட்டு இருந்தான்."

"போதும்ப்பா. வெளிச்சம் போறதுக்குள்ள இன்னொரு படம் எடுக்கணும். பட்டை போட்ட ஸ்வெட்டர் ஏதாச்சும் கிடைக்குமா? ஒரு பட்டைதான் வேணும்."

செக்யூரிட்டி அறை ஆணியில் யாரோ மறந்துவிட்டுப்போன ஸ்வெட்டர் ஒன்று தொங்கியது. இடது கையில் ஒரே பட்டை. கருப்பசாமி அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டே கேட்டான். "இது எந்த டிபார்ட்மெண்டு ஸ்வெட்டர் அண்ணாச்சி?"

"எதுவா இருந்தா என்னய்யா? ஏறு சுவர் மேல."

அந்தக் கேள்விக்கு அப்போதே காது கொடுத்திருக்கலாம். சென்னப்பனுக்கு இருந்த உற்சாகத்தில் பிள்ளையாரே வந்து கேட்டிருந்தாலும் அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

"கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்காங்க. எனக்குக் கல்யாணம் ஆகணும் அண்ணாச்சி" என்று புலம்பிக்கொண்டே கருப்பசாமி சில்லு இல்லாத இடமாகப் பார்த்து ஏறி உட்கார்ந்தான். பிரகாஷ் அன்று நின்ற இடத்திலேயே நின்று, அதே போல ஒரு கையில் டார்ச்சோடு மறுகையை நீட்டி அமுக்கினான். திரையில் கை வந்து ஆடியது. கேமரா சாவகாசமாக ஒரு சத்தம் போட்டது.

படத்தில் விளக்கு இரண்டு. கருப்பசாமியின் கையில் பட்டை இரண்டு.

"இப்ப என்கிட்ட கொடு" என்றார் சென்னப்பன். கேட் தூணில் முதுகைச் சாய்த்தார். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டார். இரண்டு கையாலும் கேமராவை ஏந்தி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பட்டனை அமுக்காமல் மெல்ல வருடுவது போல இறக்கினார். சிகரெட் மாப்பிள்ளை விவகாரத்துக்கு அப்புறம் மொட்டை மாடியில் பழகிய பழக்கம்.

விளக்கு ஒன்று. பட்டை ஒன்று. கருப்பசாமியின் முகம்கூட ஓரளவு தெரிந்தது.

"இறங்கலாமா? இல்ல, பாஸ்போர்ட் சைஸும் எடுக்கப் போறீகளா?" என்று சுவர்மேலிருந்து குரல் வந்தது.

மறுநாள் காலை கோர்ட் வளாகத்துக்குள் சென்னப்பன் கிட்டத்தட்ட ஓடினார். பின்னாலேயே கருப்பசாமி. அவனுக்குப் பின்னால், கேமராவைப் பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிரகாஷ். இளநீர் வண்டி பக்கத்தில் நின்றிருந்த பூங்கொடி அவர்களைப் பார்த்ததும் கை கூப்பினாள். "இரும்மா, நல்ல சேதியோட வர்றேன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் ஏறினார்.

இன்ஸ்பெக்டர் அங்கே நின்றிருந்தார். சென்னப்பனை இன்ஷூரன்ஸ் காலத்திலிருந்து தெரிந்தவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரமாதம் சார். நிஜமாவே பிரமாதம். எங்க ஆளு ஒருத்தருக்கும் அந்த விளக்குக் கண்ணுல படல. அப்ப சுவர் மேல உக்காந்திருந்தவன் கையில ஒரே பட்டை. அதானே?"

"அதேதான். அக்கா ஸ்வெட்டர் இல்ல. பையன் சொன்னது பொய்."

"சரி." இன்ஸ்பெக்டர் பிரகாஷ் பக்கம் திரும்பினார். "உங்க கம்பெனில பட்டைக் கணக்கு என்னப்பா?"

"உள்ள யாரு எந்த ஷெட்டுக்குப் போறாங்கன்னு தூரத்துலேந்தே தெரியறதுக்கு வச்சது சார். டூல் ரூமுக்கு மூணு. அசெம்பிளிக்கு ரெண்டு. ஒண்ணு வந்து..." பிரகாஷின் வாய் திறந்தபடியே நின்றது. "டிஸ்பேட்ச் சார்."

"ஜெகதீஷ் எங்க வேலை பாக்கிறான்?"

சென்னப்பன் இன்ஸ்பெக்டர் கையிலிருந்த கேமராவை வாங்கி அந்தப் பட்டையை மறுபடி பார்த்தார்.

"நேத்துவரைக்கும் எனக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்துச்சு சார்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலில் கேலி இல்லை. "அவன் சொல்ற ஸ்வெட்டர் கதை ஒட்டவே இல்ல. வெறும் வாக்குமூலம்தான் கையில இருந்துச்சு. இப்ப நீங்க சாட்சியும் கொடுத்துட்டீங்க. அவன் போட்டிருந்தது அவனோட ஸ்வெட்டரேதான்."

"சார், யோசிங்க. அவனே சுவர்ல உக்காந்திருந்தா, அந்தப் படத்தைப் பாத்து அக்கான்னு ஏன் நெனக்கணும்? அதுலேயே தெரியலையா அவன் இல்லன்னு?"

"எனக்குப் புரியுது. மனசுக்குள்ள நெனச்சதை நான் எந்தக் கவர்ல போட்டு கோர்ட்டுக்கு அனுப்பறது?" இன்ஸ்பெக்டர் வாட்ச்சைப் பார்த்தார். "கூப்பிடறதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. வேணும்னா அவன்கிட்டப் பேசிக்குங்க."

ஜெகதீஷ் வராந்தாக் கோடியில் ஒரு பெஞ்சில், போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இன்ஸ்பெக்டர் சைகை காட்டவும் போலீஸ்காரர் எழுந்து, பேச்சு காதில் விழாத தூரத்தில் போய் நின்றார். மெலிந்த பையன். சென்னப்பன் அவன் முன் குந்தி உட்கார்ந்து, விளக்கையும் பட்டையையும் காட்டி மெதுவாகச் சொன்னார். பாதியிலேயே அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப அது எங்க அக்கா இல்லீங்களா?"

"இல்லப்பா."

"நிஜமாவா சார்? அக்கா எடுக்கலீங்களா?"

அவன் அழுதுகொண்டே சிரித்தான். தன் கழுத்துக் கயிறு இறுகிப்போனது அவன் மண்டையில் ஏறவே இல்லை. சென்னப்பனுக்கு அவனைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. உதவி செய்கிறேன் என்று வந்து, இவன் தலையில் இல்லாத கல்லைத் தூக்கி வைத்தாயிற்று.

"சந்தோஷப்படறது அப்புறம் இருக்கட்டும் தம்பி. ஒரு பட்டைன்னா டிஸ்பேட்ச்சுங்கறாங்க. இப்ப உன்னைத்தான் கை காட்டுது."

"என்னையா? என் ஸ்வெட்டர்ல பட்டையே இல்லீங்களே சார்."

"என்ன சொல்ற?"

"எங்க டிபார்ட்மெண்டுல பெட்டிக்குப் பிளாஸ்டிக் சுத்தி சூடு காட்டுற மெஷின் ஒண்ணு இருக்கு சார். தீபாவளி சமயத்துல என் இடது கை அதுல பட்டுட்டு, பட்டை இருந்த இடமே உருகிப்போச்சு. அக்காதான் தவிட்டுக் கலர் உல்லன் வாங்கி அந்த இடத்தை மூடிப் பின்னிக் கொடுத்தா. வெள்ளையே தெரியாது."

சென்னப்பன் எழுந்த வேகத்தில் மூட்டு சொடுக்கியது. படத்தில் தெரிவது இடது கை. அதில் வெள்ளைப் பட்டை. இவனுடைய இடது கையில் வெள்ளையே கிடையாது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"கருப்பசாமி! ஓடு, அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா. அவங்க தம்பி ஸ்வெட்டரை உடனே கொண்டுவரணும்!"

கருப்பசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். பூங்கொடி வந்தாள். சென்னப்பன் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. கடைசியில் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்வெட்டர் இல்ல சார்."

"இல்லன்னா? எங்க போச்சு?"

"எரிச்சிட்டேன்."

"எரிச்சிட்டியா? எதுக்கும்மா?"

"இவனைப் புடிச்சிட்டுப் போன அன்னிக்கு, கம்பெனி ஸ்வெட்டர் போட்ட ஆளுன்னு சொன்னாங்க சார். வீட்டுக்கு வந்து தேடுவாங்க, எடுத்துட்டுப் போயி அதையே சாட்சியாக்கிருவாங்கன்னு வெந்நீர் அடுப்புல வச்சுட்டேன்." அவள் தம்பியைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு ராத்திரி லேட்டா வந்தான். ஓவர் டைம்னு சொன்னான். அன்னிக்கு ஓவர் டைமே இல்லன்னு அடுத்த நாள் தெரிஞ்சுச்சு. நான்... இவன்தான் எடுத்துட்டான்னு நெனச்சேன் சார்."

பெஞ்சில் இருந்தவன் மெல்ல எழுந்தான்.

"ஏரிக்கரையில உக்காந்திருந்தேங்க்கா. உன்னை எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினாங்க, நான் ஒரு வார்த்தை கேக்காம சோத்தைத் தின்னுட்டு இருந்தேன். உன் மூஞ்சியில முழிக்க முடியல எனக்கு."

"ஏன்டா சொல்லல?"

"நீ ஏங்க்கா கேக்கல?"

"நீ மட்டும் கேட்டியா?" அவள் குரல் கிறீச்சிட்டது. "ரெண்டு கோட்டைப் பாத்துட்டு என்னைத் திருடின்னு முடிவு பண்ணிட்டியேடா! நான் அப்படிப்பட்டவளாடா?"

"நான் அப்படிப்பட்டவனாக்கா?"

கருப்பசாமி வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். "இப்படி ஒரு பாசத்தை எங்கயும் பாத்ததில்ல அண்ணாச்சி" என்றான். "ஆளுக்கு ஒரு கயித்தை எடுத்து அடுத்தவங்க கழுத்துல மாட்டிருக்காங்க."

"வாயை மூடுய்யா."

சென்னப்பன் யோசித்தார். டிஸ்பேட்சில் கூட வேலை பார்க்கிறவர்கள் அந்த ஒட்டுப் போட்ட ஸ்வெட்டரைப் பார்த்திருப்பார்கள். வந்து சொல்வார்கள். சொன்னதும் முதல் கேள்வி, அந்த ஸ்வெட்டர் எங்கே என்பதுதான். எரித்துவிட்டோம் என்றால், சாட்சியை அழித்தது யார், ஏன் என்று அடுத்த கேள்வி. நூல் நேராகப் பூங்கொடியிடம் போய் நிற்கும். எந்தப் பக்கம் இழுத்தாலும் முடிச்சு இறுகியது. இத்தனை வருடத் தொழிலில் உண்மை முழுவதும் கையில் இருந்தும் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாமல் அவர் நின்றது இதுதான் முதல் தடவை.

"தம்பி, உள்ள போயி உண்மையைச் சொல்லு. நான் எடுக்கலன்னு மட்டும் சொல்லு. ஸ்வெட்டர் பேச்சை நான் பாத்துக்கறேன்."

"எப்படிப் பாத்துக்குவீங்க?" ஜெகதீஷ் அமைதியாகக் கேட்டான்.

சென்னப்பன் தூரத்தில் நின்ற இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா எரிச்சது இன்ஸ்பெக்டருக்குத் தெரியுமா சார்?"

"இன்னும் தெரியாது. ஆனா ஸ்வெட்டரைத் தேடத்தான் செய்வாங்க."

"டிஸ்பேட்ச்ல ஒரு பட்டை போட்டவன் நெறையப் பேர் இருக்கான். அதுல ஒருத்தன்தான் எடுத்திருக்கான். கண்டுபிடிங்க சார். அதுவரைக்கும் இவ வெளிய இருக்கட்டும்."

"டேய், என்னடா பண்ணப் போற?" பூங்கொடி அவன் சட்டையைப் பிடித்தாள். தள்ளி நின்ற போலீஸ்காரர் ஓடிவந்து நடுவில் கையை நீட்டினார். அதற்குள் டவாலி வெளியே வந்து ஜெகதீஷ் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

அவன் அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். கோபமாக விலக்கினானா, பிரியமாக விலக்கினானா என்று சென்னப்பனால் சொல்ல முடியவில்லை. உள்ளே போனான். போலீஸ்காரர்கள் வெளியிலேயே நின்றார்கள்.

அறையின் ஜன்னல் வராந்தாப் பக்கம் பாதி திறந்திருந்தது. மாஜிஸ்திரேட்டின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நீ எதுவும் சொல்லணும்னு கட்டாயம் இல்லப்பா. சொன்னா அது உனக்கு எதிரா வரும். தெரியுமா?"

"தெரியுங்க."

"யாராவது மிரட்டினாங்களா? அடிச்சாங்களா? ஆசை காட்டினாங்களா?"

"இல்லீங்க."

"திருடினது யாரு?"

"நான்தாங்க."

பூங்கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "பொய்ங்க அய்யா! அவன் இல்லீங்க!" என்று கத்தினாள். டவாலி ஓடிவந்து அவளைப் பின்னால் இழுத்தார். சென்னப்பன் தடுக்கப் போனார். எதற்குத் தடுக்கிறோம், தடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாமல் பாதியில் நின்றார்.

"அன்னைக்கு நீ போட்டிருந்த ஸ்வெட்டர் எங்க?"

பூங்கொடி கத்துவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள்.

"என்னோடதுதாங்க அது. எங்க வீட்டு வெந்நீர் அடுப்புல நானே போட்டு எரிச்சிட்டேங்க. எங்க அக்காவுக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாதுங்க."